கதிர் படாத இட்லி

புதுப்பாளையத்தில் எந்த இட்லியும் தட்டுக்கு வருவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் வரும்.

துணியின் தடம் மாறாமல், ஆவி பறக்க, பொது அடுக்களையின் பெல்ட்டில் வரிசையாக நகரும். ஈயத் திரை தொங்கும் ஒரு பெட்டிக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வரும். பெட்டிக்குள் இருப்பதற்கு ஊடுகண் என்று பெயர். எக்ஸ்ரே கதிரால் பார்க்கும் கண் அது. அரிசியும் உளுந்தும் அதற்குப் புகை மாதிரி. உள்ளே ஒரு கடுகளவு கல் இருந்தால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்கப்பட்ட இட்லியை ஒரு காற்றுக்குழல் ‘புஸ்’ என்று ஊதிக் கூடையில் தள்ளும். மற்றவை குழாய் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேரும். வெளியே எலும்பை உடைக்கும் குளிர், மங்கிய செந்நிற வானம். உள்ளே தேங்காய்ச் சட்னி. செவ்வாயில் குடியேறி இரண்டு தலைமுறை ஆகியும் காலைச் சாப்பாட்டை மட்டும் அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இட்லியில் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். முதலில் வந்தவர்கள் எஃகுப் பல் வைத்த அரைவைப் பொறியைத்தான் பூமியிலிருந்து கொண்டுவந்தார்கள். மாவு சூடேறி இட்லி கட்டியாக வந்தது. கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்கள் அதைப் பொறுப்பார்களா? இங்கே கிடைக்கும் எரிமலைப் பாறையை வெட்டிக் கிரைண்டர் கல் செய்துகொண்டார்கள். இட்லி பூவாக வந்தது. ஆனால் அந்தப் பாறைக்குக் கண்ணாடிக் குணம். தேய்ந்து வழுவழுத்துப்போனால் கொத்த வேண்டும். கொத்தினால் ஊசி ஊசியாகச் சில்லு தெறிக்கும். என்னதான் கழுவினாலும் ஒன்றிரண்டு கல்லின் துளைகளில் பதுங்கிக்கொண்டு, மாவோடு பிறகு வெளியே வரும். காந்தம் வைத்துப் பிடிக்க அது இரும்பும் இல்லை. அதனால்தான் ஊடுகண்.

அந்தக் கண்ணுக்குப் பொறுப்பாளி செல்வநாயகி. அவள் கணவர் சென்னியப்பன் ஊர்ச் சங்கத்தின் தலைவர். ஒரு நாள் காலை அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

“ஏனுங்க, உப்புக் கொறைச்சலா?”

“உப்பு சரியாத்தான் இருக்குது புள்ள. கதிருதான் ஜாஸ்தி.”

“கதிரா? யாரு சொன்னது?”

“ஊர்க் குழுவுல சேதி வந்துச்சு. எக்ஸ்ரே காட்டின சோத்தைத் தின்னா உள்ளுக்குள்ளயே கதிரு சேந்து போகுமாமா. ஒரு பெரிய விஞ்ஞானி சொல்லீருக்காரு.”

“எந்த விஞ்ஞானி?”

“பேரு போடல. பெரிய ஆளுங்க எங்க பேரு போட்டுக்கறாங்க?”

செல்வநாயகி அவர் எதிரில் உட்கார்ந்தாள். “லைட்டை அணைச்சா வெளிச்சம் செவுத்துலயே ஒட்டிக்குதுங்களா? அது மாதிரிதானுங்க. கண்ணு பாத்துட்டு விட்டுரும். இட்லிக்குள்ள ஒண்ணுமே தங்காது.”

“அப்பறம் எதுக்கு ஈயத் திரை தொங்குது?”

“அது தெனமும் பக்கத்துல நிக்கற எனக்குங்க. இட்லிக்கில்ல.”

“பாத்தியா!” சென்னியப்பன் தொடையைத் தட்டினார். “பக்கத்துல நிக்கற உனக்கே திரை போட்டுக்கற. முழுங்கற எங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதாக்கும்?”

செல்வநாயகி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவரிடம் அணுவிலிருந்து ஆரம்பிக்க முடியுமா?

சங்கக் கூட்டம் கண்ணாடி முற்றத்தில் நடந்தது. ஊரில் மற்ற எல்லா இடமும் மண்ணுக்கு அடியில்தான். செவ்வாயின் காற்று மெல்லிசு. பூமிக்கு இருப்பதுபோல் காந்தக் கவசமும் அதற்கு இல்லை. விண்வெளிக் கதிர்கள் கேட்பாரற்று இறங்கும். மண்கூரை அவற்றைத் தடுக்கும், கண்ணாடி தடுக்காது. ஆனாலும் நீல நிறத்தில் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு பேச அதைவிட்டால் வேறு இடம் ஏது? எல்லோர் மணிக்கட்டிலும் கட்டியிருந்த கதிர்மணி கிணுகிணுவென்று எச்சரித்தது. பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு மயிலாத்தாள்தான் முதலில் எழுந்தாள். “என்ற தலையைப் பாருங்க. சீப்பை வெச்சா கொத்துக் கொத்தா வருது. எல்லாம் அந்த இட்லிதான்.”

“மயிலக்கா,” என்றாள் செல்வநாயகி, “ஆயுசு பூராம் அந்த இட்லியத் தின்னாலும் ஒண்ணும் ஏறாது. இங்க ஒரு சாயங்காலம் உக்காந்தா ஏறுது. உங்க பைக்குள்ள கத்துதே, கேக்கலயா?”

“அது வெயிலு, கண்ணு. இயற்கை. இது மெஷினு.”

கூட்டம் தலையாட்டியது. இயற்கை என்ற சொல்லுக்கு மேல் அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. செல்வநாயகி விடாமல் கல்லைப் பற்றிச் சொன்னாள், சில்லைப் பற்றிச் சொன்னாள்.

“இத்தன வருசத்துல ஒருத்தர் தொண்டையிலயாச்சும் கல்லு மாட்டீருக்குதா?” என்று கேட்டார் சென்னியப்பன்.

“இல்லீங்க. ஏன்னா கண்ணு இருந்துச்சு.”

“கல்லே மாட்டலீன்னா அப்பறம் கண்ணு எதுக்கு?”

கை தூக்கச் சொன்னார்கள். தன் கணவரின் கைதான் முதலில் உயர்ந்ததை அவள் பார்த்தாள். மற்ற கைகளை அவள் எண்ணவில்லை.

மறுநாள் ஊடுகண்ணை அணைத்து, சங்கத்தின் பூட்டைப் போட்டு, சாவியைச் சென்னியப்பன் இடுப்பில் செருகிக்கொண்டார். பொது அடுக்களை வாசலில் ஒளிப்பலகை வைத்தார்கள்: ‘இங்கே கதிர் படாத இட்லி கிடைக்கும்.’ மக்கள் கூடுதலாகவே சாப்பிட்டார்கள். மயிலாத்தாள் தலைமுடி திரும்ப முளைப்பதாகக்கூடச் சொன்னாள்.

கல் கொத்தும் முறை வந்தது. கொத்துவது, அரைப்பது, அவிப்பது எல்லாம் தவசியின் வேலை. தவசி என்பது சமையல் இயந்திரம். எட்டுக் கை, அச்சடித்த மாதிரிப் பேச்சு.

“நல்லாக் கழுவினியா தவசி?”

“கழுவினேன் அம்மா. உமி போட்டு ஒரு முறை அரைத்தும் கொட்டினேன்.”

“சில்லு ஏதும் இல்லியே?”

“எனக்குத் தெரியாது அம்மா. எனக்குத் தெரியாத இடத்தைப் பார்ப்பதற்காகத்தான் அந்தப் பெட்டி இருந்தது.”

செல்வநாயகி கணவரிடம் ஓடினாள். “ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் பூட்டைத் தொறங்க. இல்லீன்னா இந்த மாவைக் கொட்டீரலாம்.”

“கொட்டறதா? அதுல இருக்கற தண்ணி பனியை உருக்கி வந்த தண்ணி புள்ள. ஊரு என்னைய உரிச்சிரும்.”

“அப்ப நீங்களாச்சும் திங்காதீங்க.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். “தலைவன் திங்கலீன்னா ஊரு என்ன நெனைக்கும்? நீயே என்னைய அசிங்கப்படுத்தற.”

அடுக்களைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் முதல் தட்டை வாங்கியவர் அவர்தான். வேண்டுமென்றே கொஞ்சம் உரக்க மென்றார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு வாயும் இறங்க இறங்க அவளும் எச்சில் விழுங்கினாள். இரண்டாவது இட்லியில் அவர் கை பாதியில் நின்றது.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. சட்னி காரம்.” தொண்டையைப் பிடித்துக்கொண்டார். இருமினார். துண்டில் துப்பியது சிவப்பாக இருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் ஜெபராணி சென்னியப்பனின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். அவர் திருநெல்வேலிக்காரர், பதற்றம் என்பதே இல்லாதவர். “கீழ எங்கயோ குத்திக்கிட்டு நிக்கி. கழுத்துல ஒரேயொரு சின்னப் படம் எடுப்போம். எடம் தெரிஞ்சிட்டுன்னா குழாயை விட்டு எடுத்துரலாம்.”

சென்னியப்பனுக்குக் குரல் வரவில்லை. ஆனாலும் கையை ஆட்டி மறுத்தார். இதற்கும் கதிர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ? செல்வநாயகி குனிந்து அவர் முணுமுணுப்புக்குக் காதைக் கொடுத்தாள்.

“சின்னப் படம் பத்தாதாம் டாக்டர்,” என்றாள். “முழு ஒடம்பும் எடுக்கச் சொல்றாருங்க.”

“எதுக்கும்மா? குத்தினது தொண்டையிலல்லா?”

சென்னியப்பன் சைகையால் வயிற்றைக் காட்டினார், முழங்காலைக் காட்டினார். வாசலில் கூடியிருந்த கூட்டமும் அவர் பக்கம்தான். “நல்லா எடுத்துப் பாத்துருங்க டாக்டரம்மா! படமே எடுக்காம என்ன வைத்தியம்?” என்றாள் மயிலாத்தாள்.

டாக்டர் கழுத்தை மட்டும் எடுத்தார். படத்தில் முள் மாதிரி ஒரு சில்லு. அதன் நுனி நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. ஒரு நெல்லளவு நகர்ந்திருந்தால் பேச்சே இல்லை. “தெளிவாத் தெரியுது. போதும்,” என்றார்.

செல்வநாயகி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணுவும் கதிரும் படித்தது ஒன்றும் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. “டாக்டர், எதுக்கும் இன்னொருக்கா எடுத்துருங்களேன். மனசு கேக்க மாட்டேங்குது.”

ஜெபராணி திரும்பிப் பார்த்தார். “நீங்களுமாம்மா?”



சில்லு வெளியே வந்துவிட்டது. சென்னியப்பன் பிழைத்துக்கொண்டார். குரல் திரும்பியதும் சங்கத்தைக் கூட்டச் சொன்னார். மறுபடியும் கண்ணாடி முற்றம். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் எழுந்து நின்றார். செல்வநாயகி பூட்டுச் சாவி தன் கைக்கு வரப்போகிறது என்றே நினைத்தாள்.

“அந்தப் படம் மட்டும் இல்லீன்னா நான் இன்னிக்கு இல்லீங்க,” என்றார் அவர். கைதட்டல். “இட்லியில கல்லு இருக்குது. அது உண்மை. என்ற சம்சாரம் சொன்னா, நாந்தான் கேக்கல.” அவள் பக்கம் பார்த்தார். அவள் கண்ணில் நீர் திரண்டது. “அதனால இனிமே வாரம் ஒருக்கா ஊருல எல்லாருக்கும் முழு ஒடம்புப் படம். கைக்கொழந்தைக்கும் சேத்து. ஆருக்கு உள்ள கல்லு இருந்தாலும் ஒடனே கண்டுபுடிச்சிரலாம்.”

இப்போது கைதட்டல் கண்ணாடியை அதிரவைத்தது. டாக்டர் ஜெபராணி எழுந்தார். “வாராவாரமா? என்னங்க பேசுதீங்க? மனுச ஒடம்பு இது. தேவையில்லாம ஒரு படம்கூட எடுக்கப்பிடாது. அந்தக் கண்ணைத் திரும்ப இட்லிக்குப் போட்டுட்டா சோலி முடிஞ்சிதுல்லா?”

“அது வேற, இது வேறைங்க டாக்டரம்மா,” என்றாள் மயிலாத்தாள் பொறுமையாக. “இட்லிக்குக் காட்டினா அது கதிரு. ஆளுக்குக் காட்டினா வைத்தியம்.”

மருத்துவமனையில் இருந்தது சிறிய கருவி, ஊருக்கே படமெடுக்க அது தாங்காது. சும்மா பூட்டிக் கிடக்கிற ஊடுகண் எதற்கு இருக்கிறது? பெட்டியை அகலப்படுத்தி, பெல்ட்டை நீட்டி, மருத்துவமனைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். டாக்டர் அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் கண்ணை ஓட்டத் தெரிந்த இன்னொருத்தி செல்வநாயகிதான். அவளும் மாட்டேன் என்றாள். “அப்ப நானே ஓட்டறேன்” என்று மயிலாத்தாள் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். அளவு தெரியாமல் ஊரையே பொசுக்கிவிடுவாள் என்று பயந்து, செல்வநாயகி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதல் ஆளாகச் சென்னியப்பன் பெல்ட்டில் மல்லாந்து படுத்தார். பின்னால் வரிசை தெருமுனை வரை நீண்டது. நிற்பவர்களுக்குப் பசிக்குமே என்று தவசி இட்லித் தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே போனது.

“இட்லிக்கு வைத்த அளவு இவருக்குப் போதாது அம்மா,” என்றது தவசி. “பல மடங்கு கூட்ட வேண்டும்.”

“கூட்டச் சொல்லு,” என்றார் சென்னியப்பன் படுத்தபடியே.

அவள் முடிந்தவரை குறைவாகவே கூட்டினாள். பெல்ட் நகர்ந்தது. அவர் ஈயத் திரைக்குள் போனார், மறுபக்கம் வந்தார். படத்தில் அவருடைய எலும்புகள் ஒழுங்காக இருந்தன.

“என்ன புள்ள தெரியுது?”

“ஒண்ணுமில்லீங்க. சுத்தமா இருக்குது.”

அவர் முகம் வாடிப்போனது. வரிசையில் நின்றவர்கள் கையில் இட்லியோடு எட்டிப் பார்த்தார்கள்.

“ஒண்ணுமே இல்லியா? நல்லாப் பாரு,” என்றார் சென்னியப்பன், எழுந்திருக்காமல். “எதுக்கும் இன்னொருக்கா விடு.”

செல்வநாயகி பெல்ட்டைப் பின்னோக்கி ஓட்டினாள்.