அக்கரைப் பை

"விடாத மகள், இழு!"

அஜந்தா இடுப்பளவு வாவித் தண்ணீரில் நின்று வலையின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். அப்பா விஜிதரன் தோணியிலிருந்து இழுத்தார். அடியில் ஏதோ கனத்தது.

"பெரிய கொடுவாவாக்கும்!" அப்பாவின் குரலில் ஆசை.

டர்ர்ர்!

வலை கிழிந்தது. மேலே வந்தது மீன் அல்ல. கறுப்பு ஷொப்பிங் பை. அதற்குள் பால்மா உறைகள், நசுங்கிய சோடாப் போத்தல்கள், நடுவில் ஒரு பெரிய கல்.

அஜந்தா பாய்ந்து பையின் வாயைப் பிடித்தாள். பிடித்த வலது கையை அதன்பிறகு அவள் விரிக்கவே இல்லை.

அப்பா வலையைக் கரையில் இழுத்துப் போட்டு, கிழிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். முகம் இருண்டது.

"கல்லும் வச்சுக் கட்டி எறிஞ்சிருக்கானுகள். தைக்கப் பத்து நாள் போகும். அதுவரைக்கும் என்னத்தால பிடிக்கிற?"

அவர் வாவியின் மறுகரையைப் பார்த்தார்.

"வேற ஆரு? அக்கரைக்காரர்தான்!"

அக்கரை என்றால் எழுவான்கரை, டவுன் பக்கம். அங்கே அப்பாவின் அக்கா வீடு. அக்கா மகள் சுலோஜனாவும் இக்கரையான படுவான்கரை அஜந்தாவும் ஒரே வகுப்பு. வகுப்பு வேலைக்காக இருவரும் ஒரு வாரம் தங்கள் வீட்டுக் குப்பையை மண்ணோடு உக்கிப்போவது, உக்காதது என்று நாள்தோறும் பிரித்து நிறுத்தார்கள். எழுவான்கரை ஒன்பது கிலோ. படுவான்கரை இரண்டே கிலோ. அதில் உக்காத குப்பை பூச்சியம்! டீச்சர் அஜந்தாவுக்குக் கைதட்டச் சொன்னார்.

அந்தக் கணக்கை எழுதிய பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு, அந்த நேரம் பார்த்துத் துறையில் வந்திறங்கினாள் சுலோஜனா.

"மச்சாள்! கலர் பேனையும் கொண்டந்திருக்கன்!"

"வா புள்ள," என்றார் அப்பா. "உங்கட குப்பையைப் பார். என்ட வலையைப் பார்."

சுலோஜனா திகைத்தாள். "எங்கட குப்பை, குப்பை எடுக்கிற டிராக்டர்ல போயிற்று மாமா. ஒம்பது கிலோவும். அதில நாலு கிலோ தம்பிட பம்பர்ஸ்."

வேறு நாளென்றால் அப்பா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இன்று சிரிக்கவில்லை.

"பொய் சொல்லாத. இனி அக்கரையிலயிருந்து ஒருத்தரும் என்ட வாசலுக்கு வரக்கூடா. அம்மாட்டயும் சொல்லு."

சுலோஜனா பேனைகளை மணலில் வைத்துவிட்டு, வந்த தோணியை நோக்கித் திரும்பி நடந்தாள்.

ஒரு அடி. இரண்டு அடி. அஜந்தா தன் மூடிய வலது கையைப் பார்த்தாள். அந்தக் கை மூடியே இருந்தால் போதும். கைதட்டல் அவளுக்குத்தான். மச்சாள் மட்டும் இருக்கமாட்டாள்.

"நில்லு மச்சாள்!"

தண்ணீரை உதைத்துக்கொண்டு கரைக்கு ஓடி வந்தாள். அப்பாவின் முன்னால் கையை விரித்தாள்.

உள்ளங்கையில் ஈரமான சின்ன மட்டைத் துண்டு. அதில் பையோடு கட்டியிருந்த நூல். பென்சில் எழுத்து அழியவில்லை: 'வியாழன். உக்காதது.'

அப்பா அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"இஞ்ச டிராக்டர் வராது அப்பா. பூச்சியம் எண்டு எழுத ஆசையாயிருந்திச்சு. கல் வச்சா மேல வராது எண்டு நினைச்சன்."

 சுலோஜனா திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"இது வியாழக்கிழமைப் பை," என்றாள் அஜந்தா. "இன்னும் ஆறு பை உள்ளுக்குக் கிடக்கு அப்பா. எங்க போட்ட எண்டு நான் காட்டுறன்."