கரைக்குள் நின்றவர்கள்

கரையில் கசிந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று நாளாக ஆனி மழை கொட்டிக்கொண்டிருக்க, வெள்ளாயணிக் காயலின் ஏரித் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைக்கும். ஆனால் காயலுக்கும் தன் வயலுக்கும் நடுவிலிருந்த மண்கரையின் வெடிப்பில் குற்றாலலிங்கம் பிள்ளை உள்ளங்கையை வைத்தபோது, ஓடிக் களைத்தவனின் மூச்சுபோல ஒரு சூடு பட்டது. முகர்ந்து பார்த்தார். சேறு நாறவில்லை. வியர்வை நாறியது.

எதிர்மேட்டில் அவருடைய வயலில் வேலை செய்யும் புலையர்கள் முப்பது பேரும் நனைந்தபடி வரிசையாக நின்றார்கள். யார் கையிலும் மண்வெட்டி இல்லை. இருபது நாளாக வேலைநிறுத்தம். புலையர் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற சர்க்கார் உத்தரவை நம்பி, அவர்களில் ஒருவனான தங்கையன் தன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனான். பிள்ளையும் ஊர்ப் பெரியவர்களும் வாசலிலேயே அந்தக் குழந்தையைச் சேற்றில் தள்ளினார்கள்.

"எடா தங்கையா! கரை உடையப் போகுது, இறங்குடா!"

"நான் வரல."

நான்! 'அடியன்' என்பதைத் தவிர வேறு சொல் அறியாதிருந்த வாய். அடிமை முறையை மகாராஜா ஒழித்து ஐம்பது வருஷமாகியும் பிள்ளையின் வீட்டார் அந்தச் சொல்லை ஒழிய விடவில்லை.

"பயிர் போனா உங்க வயிறுந்தான் காயும்!"

"காஞ்ச வயிறு எங்களுக்குப் புதுசில்ல. என் மக பெஞ்சில உட்காரட்டும். அப்புறம் மண்வெட்டி எடுக்கோம்."

"எங்க பாட்டனார் காலமா இருந்தா..."

"தெரியும். கரை நிக்கலன்னு உயிரோட ஆளை நிறுத்தி மண்ணைப் போட்டு மூடினாரு."

ரகசியமில்லை. கல்யாண வீடுகளில் வெற்றிலை மென்றுகொண்டே குடும்பத்தார் பெருமையாகச் சொல்லும் கதைதான்.

"ஒரே ஒருத்தன்தானேடா!" என்று கத்தினார் பிள்ளை.

தங்கையனின் கண்கள் சிவந்திருந்தன. "ஒருத்தன்னா உங்க வீட்ல சொன்னாங்க?"

அதற்குள் ஒரு பாளம் மண் சரிந்தது. கூப்பிட வேறு ஆளில்லை. மூங்கில் தட்டியைத் தூக்கிக்கொண்டு, பிறந்ததிலிருந்து சேறு படாத கால்களோடு, பிள்ளையே உடைப்பில் இறங்கினார். இடுப்பளவு சேறு. தட்டியை வைத்து அழுத்தியபோது, மழையின் இரைச்சலுக்கும் தண்ணீரின் சலசலப்புக்கும் அடியில், கரைக்குள்ளே யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு இன்னொரு தொண்டை. பிறகு பல.

அழுத்தினார். உள்ளிருந்து தள்ளியது. தட்டியின் இடுக்குகளில் விரல்கள்.

"தங்கையா... உள்ள ஆளு..."



கரை உடையவில்லை. திறந்தது.

முதலில் ஓர் ஆண். பின்னால் ஒரு கிழவன். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். இன்னும், இன்னும். எல்லார் வாயிலும் மண். அவரைத் தொடாமல் தாண்டி நடந்து எதிர்மேட்டில் ஏறினார்கள். வரிசை ஒதுங்கி இடம் கொடுத்தது. முப்பது, அறுபதாயிற்று. அதற்கு மேலும் வந்தார்கள்.

பிள்ளை காலை இழுத்தார். வரவில்லை. காயல் நிதானமாக உள்ளே வந்தது. மார்பு. தோள்.

மேட்டில் ஒருவரும் அசையவில்லை. அந்தப் பெண் மட்டும் இறங்கினாள். தன் வாயிலிருந்த மண்ணை வழித்து உள்ளங்கையில் உருட்டியபடி அவர் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய இடுப்பிலிருந்த குழந்தை, அவர் வாய் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.