அம்மாவின் கட்டைவிரல் அனுப்பிய பொட்டலம்

"ஏல, பெல்ட்டப் போடு! இன்னும் ஒரு நிமிஷந்தான் இருக்கு!" என்று கத்தினாள் பிரிசில்லா.

கிளாட்வின் முனகிக்கொண்டே பெல்ட்டை மாட்டினான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிற அவனுக்குப் பெல்ட் என்றாலே வேப்பங்காய். ஆனால் இன்று ஏறியிருந்த வண்டி தூசியைவிடச் சிறியது. அவனுடைய அக்கா பிரிசில்லா ஐந்து வருஷம் ஆய்வுக்கூடத்தில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த கலம் அது. அக்காவும் தம்பியும் அதற்குள் சுருங்கி உட்கார்ந்திருந்தார்கள். போகப்போகும் இடமோ, பெற்ற தாயின் கால்!

நாலு மாதத்துக்கு முன் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து அம்மா மரியபுஷ்பத்தின் வலது கணுக்கால் நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது. அந்தக் காலின் கட்டைவிரல் மட்டும் மரத்துப்போனது. அம்மா தையல்காரி. மோட்டார் மிஷினின் பெடலைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தித்தான் வேகத்தைப் பிடிக்க வேண்டும். உணர்ச்சியில்லாத விரலுக்கு மெதுவும் தெரியாது, வேகமும் தெரியாது. போன வாரம் மிஷின் தறிகெட்டு ஓடி, ஊசி அவள் கைவிரல் நகத்தைத் துளைத்துவிட்டது. "ஒண்ணுமில்ல" என்று அவள் முந்தானையில் ரத்தத்தை மறைத்ததைப் பார்த்தபோதுதான் பிள்ளைகள் இருவரும் முடிவெடுத்தார்கள்.

அந்த விரலுக்குப் போகும் நரம்புச் செல்களில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதன் உடல் இருப்பது இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் ஓரத்தில். அங்கிருந்து கட்டைவிரல் வரை நூல்போல ஒரு மீட்டர் நீளம்! ‘நான் இருக்கிறேன்’ என்று விரல் அனுப்பும் சேதிப் பொட்டலம் வந்துகொண்டே இருந்தால்தான் செல் பிழைக்கும். அது வராமல் நாளாயிற்று. இன்னும் ஒரு வாரம் பார்க்கும், பிறகு அதுவும் செத்துவிடும். பொட்டலத்தைத் தேடிக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

"எம்மா, எங்கள ஊசில ஏத்தி முதுகுல போடுதாங்க" என்றான் கிளாட்வின் ரேடியோவில்.

"போடட்டும். ரெண்டு பேரும் சண்ட போடாம போய்ட்டு வாங்க" என்றது அம்மாவின் குரல்.

சர்ரென்று ஒரு இழுப்பு! கண்ணைத் திறந்தபோது செல்லுக்குள் இருந்தார்கள். எதிரே நீண்ட நீண்ட குழாய்கள், தண்டவாளம்போல ஓடின. அவற்றின்மேல் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் பெரிய மூட்டை, கீழே இரண்டு கால்கள். ஒரு கால் ஊன்றிய பிறகுதான் மறுகால் எழும்.

"அக்கா, லோடுமேன்!" என்று கூவினான் கிளாட்வின்.

"அதுக்குப் பேரு கைனசின். புரதம்தான், ஆனா நடக்கும். விரல் பக்கமா மட்டுந்தான் போகும், திரும்பத் தெரியாது. பிடில அந்த மூட்டையை!"

கலத்தின் கொக்கி மூட்டையில் மாட்டியது. நடை தொடங்கியது! கட்டைவிரலுக்குப் பன்னிரண்டரைக் கோடி அடி. அடிக்கு ஒரு துளி எரிபொருள் என்று கைனசின் சளைக்காமல் நடந்தது. இவ்வளவு பேர் நம் அம்மாவுக்காக ராப்பகலாகச் சுமக்கிறார்களா என்று கிளாட்வின் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் கணுக்கால் வந்தது. அங்கே குழாய்கள் எல்லாம் நொறுங்கிக் கிடந்தன. ஒரே ஒரு குழாய்தான் முழுசு. அதில் ஏகப்பட்ட நெரிசல்! எதிர்ப்பக்கமிருந்து வேறு மாதிரி ஆட்கள் சிலர் தள்ளாடி வந்து வழியை அடைத்து நின்றார்கள்.

பிரிசில்லா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கிளாட்வினுக்குள் இருந்த லாரிக்காரன் சும்மா இருப்பானா? "ஒன்-வேயில எதுக்க வாரியளோ!" என்று கலத்தின் இரும்புக் கையை நீட்டி, எதிரே வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிய்த்து எறிந்தான். வழி திறந்தது. தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

கட்டைவிரல் வந்தது. பிரிசில்லா மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். ஒரு பொட்டலம்கூட இல்லை!

"எல்லாத்தையும் ஏற்கெனவே அனுப்பிட்டுது. டைனீன் தூக்கிட்டுப் போயிருக்கும். அது மேல் பக்கமா நடக்கிற புரதம். நீ எங்கயாவது பாத்தியா?"

கிளாட்வினின் முகம் வெளுத்தது. "தள்ளாடித் தள்ளாடி வருமா?"

"ஆமா."

"நாந்தான் பிச்சுப் போட்டேன்க்கா." அவன் குரல் உடைந்தது. "அம்மா விரலை நானே கொன்னுட்டேனே!"

பிரிசில்லாவுக்குக் கோபம் வந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதல. தேடிப் பாப்போம்."

அந்த நேரம் பார்த்து ரேடியோ கரகரத்தது. "பிள்ளைகளா, சாப்ட்டியளா? நான் காலை அசைக்காமத்தான் படுத்திருக்கேன், ஒங்களுக்கு ஆட்டங்காணக் கூடாதுன்னு."

"சாப்ட்டோம்மா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். பொய்தான்!

ஆனால் திரும்புவது எப்படி? சுமை இறக்கிய கைனசின் அப்படியே ஓய்ந்து நின்றது. அப்போது இறக்கிய மூட்டையின் அடியில் ஏதோ அசைந்தது. மடங்கிச் சுருண்டு, வழி நெடுகத் தூங்கியபடியே வந்திருந்த ஒரு டைனீன்! மேலே திரும்ப வேண்டியவனையும் கீழே போகிறவன்தான் தூக்கி வந்திருக்கிறான். அது சோம்பல் முறித்து எழுந்தது. பிரிசில்லா பாய்ந்து கொக்கியை மாட்டினாள்.

டைனீன் நேராக நடக்காது. பக்கத்தில் ஒரு அடி, பின்னால் ஒரு அடி, பிறகு தாவல்! கணுக்காலில் கிளாட்வின் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினான். உடைந்த குழாய்களுக்கு நடுவில் முத்துப்போல ஒன்று மிதந்தது.

"அந்தா!"

கலத்தின் இரும்புக் கையை நீட்டினான். எட்டவில்லை. பெல்ட்டைக் கழற்றி, கலத்தின் வாசலில் தொங்கினான். பிரிசில்லா அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுடாதக்கா!" "விடுவேனால!" விரல் நுனியில் பொட்டலம் பட்டது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

ஏழாம் நாள் காலை, அந்த ஒற்றைப் பொட்டலம் செல்லின் நடுவீட்டில் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செல்லே சிலிர்த்தது! புதிய குழாய்த் துண்டுகளைச் சுமந்து கைனசின்கள் வரிசை வரிசையாகக் கணுக்காலை நோக்கிப் புறப்பட்டன. கிளாட்வின் எழுந்து நின்று சல்யூட் அடித்தான். எதிரே வருகிறவனும் ஏதோ ஒன்றைச் சுமந்துதான் வருகிறான் என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

வெளியே வந்து பழைய உருவம் பெற்றார்கள். ஐந்து வாரம் போயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிள்ளைகள் மனம் நோகுமே என்று பயந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். "ஸ்ஸ்ஆ!" என்று அம்மா காலை உதறினாள். வலது கட்டைவிரலில் ஒரு கட்டெறும்பு!

கிளாட்வின் செருப்பைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான்.

"அத அடிக்காதல!" அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "வலிக்குதுல… நல்லா வலிக்குது. இன்னும் கொஞ்ச நேரம் கடிக்கட்டும்."