டெஸ்ஸா மூடிய வாய்

மேற்கு வர்ஜீனியா மலைக்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வேருக்கே நல்ல விலை கிடைக்கும் ஜின்செங் என்ற மூலிகைச் செடி எங்கே வளர்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. சொந்தத் தம்பியிடம்கூட மூச்சு விடமாட்டார்கள். ஒன்பது வயது டெஸ்ஸாவுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் மளிகைக் கடையில் யாரோ இரண்டு பேரிடம் உளறிவிட்டாள்.

"எங்க ஜின்செங்குக்கும் என் வயசுதான், தெரியுமா? நான் பொறந்த வருஷம் அப்பா விதை போட்டாரு. ஓடைக்கு மேல, மேப்பிள் மரத்தடியில!"

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாளைக்குக் காலையில மண்வெட்டியோட போயிடலாம்" என்று ஒருவன் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

வீட்டுக்கு ஓடினாள். அப்பா ஹார்லன் காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நான் சொல்லிட்டேன்பா" என்று அழுதாள்.

"அடிப்பாவி! ஊருக்கே தண்டோரா போட்டியா?" என்று கத்திய அப்பா, அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஷெரீஃபுக்குப் போன் பண்றேன். ஆனா அவரு மலையைச் சுத்தி வர நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும், அதுக்குள்ள எல்லாம் போயிடும்."

டெஸ்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையேறினாள். செப்டம்பர் மாதம். நாற்பது செடிகளும் மஞ்சளாகி, நடுவில் சிவப்புப் பழங்களோடு நின்றன.

"இப்படிப் பளிச்சுன்னு நின்னா குருடனுக்குக்கூடத் தெரியுமே!" என்று செடிகளைத் திட்டினாள்.

திட்டும்போதே யோசனை வந்தது. எப்படியும் இந்த இலைகள் இன்னும் பத்து நாளில் உதிர்ந்துவிடும். வேர்தான் மண்ணுக்குள் தூங்கி, வசந்தத்தில் மறுபடி எழும்.

ஒவ்வொரு தண்டாகத் தரையோடு கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். பழங்களை அங்கேயே ஒரு விரல்கணு ஆழத்தில் புதைத்தாள். செடி இருந்த மண்ணுக்கே பழம் திரும்பிப் போகவேண்டும் என்பது அந்த மலையில் எழுதாத சட்டம். மேலே காய்ந்த சருகுகளைப் பரப்பினாள்.

மறுநாள் மதியம் அந்த இரண்டு பேரும் வெறும் சாக்கோடு டெஸ்ஸாவின் வீட்டு வழியாக இறங்கி வந்தார்கள்.

"ஏ பொண்ணு! அங்க ஒரு மண்ணும் இல்ல. கதையா விட்டே?"

டெஸ்ஸா வாயே திறக்கவில்லை. தோளை மட்டும் குலுக்கினாள்.

அவர்கள் வண்டி மறைந்ததும், "எங்கடி போச்சு செடியெல்லாம்?" என்றார் அப்பா. அவள் கிள்ளிய இலைகளை அவர் மடியில் கொட்டிக் காட்டினாள்.

"வேரு?"

"தூங்குதுப்பா."

அப்பா மாவுக்கட்டு ஆடச் சிரித்தார். டெஸ்ஸாவுக்குத்தான் பனிக்காலம் முழுக்கப் பயம். கொன்றுவிட்டோமோ?

மே மாதம் அப்பா கைத்தடியோடு அவளுடன் ஏறினார். சருகை விலக்கிக்கொண்டு, இலைகளை மடக்கிய சின்னச் சின்னத் தளிர்கள் வந்திருந்தன. டெஸ்ஸா இரண்டு முறை எண்ணினாள். நாற்பது! அவள் குதித்த குதியில் அப்பாவின் தொப்பி பறந்தது.

"நான் புதைச்ச பழம் மட்டும் முளைக்கலையேப்பா?"

"அதுங்க பெரிய தூங்குமூஞ்சி. இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

திரும்பும் வழியில் இருவரும் கடையில் நுழைந்தார்கள். "காலெல்லாம் மண்ணா இருக்கே டெஸ்ஸா, எங்க போயிட்டு வர்றே?" என்று கேட்டார் கடைக்கார லூவெல்லா.

"மீன் பிடிக்க."

"தூண்டிலைக் காணோமே?"

"மீனையும்தான் காணோம்" என்றாள் டெஸ்ஸா. அப்பா தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.