மிருணாளினி எழுதிய ஒரு வரி

தேன்சிட்டுத் தமிழ்ப் பள்ளியில் கணினியைத் தொடும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அந்த உரிமையை யாரும் கொடுக்கவில்லை. மிருணாளினி தானாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பதினொரு வயது. சிட்னியில் நார்த்மீட்டில், ஒரு பள்ளி மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் தமிழ்ப் பள்ளி அது. மண்டபத்தின் மூலையில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. புது மென்பொருள் எதையும் தாங்காத வயது என்பதால், அதில் யாரோ லினக்ஸைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

கணினிக் குழுவில் இரண்டு பேர். ஒருத்தி மிருணாளினி. மற்றவன் அனோஜன். அவளுடைய வகுப்புத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆங்கிலம் பேசும் முன் யோசிப்பான். தமிழ் பேச யோசிக்க மாட்டான். மிருணாளினி இதற்கு நேர்மாறு.

ஆண்டு விழாவுக்காக இருவரும் ‘சொல் பிடி’ என்று ஒரு விளையாட்டைச் செய்தார்கள். கணினி ஒரு சொல்லைச் சொல்லும். விளையாடுபவர் அதற்குரிய படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பைத்தான் என்ற கணினி மொழியில் அதை எழுதியவள் மிருணாளினி. குரல்களைச் சேர்த்தவன் அனோஜன். சின்ன வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து எண்பத்து நாலு சொற்களைப் பதிவு செய்தான். ‘ஆமை’ என்று சொல்லச் சொன்னால், தாங்கள் ஆமை பார்த்த கதையைச் சொல்லுகிற பிள்ளைகள் அவர்கள். அதற்கெல்லாம் அவனிடம் பொறுமை இருந்தது. விசைப்பலகை மட்டும் அவனிடம் வரவில்லை.

“ஒருக்கா நான் அடிக்கட்டே?” என்று கேட்பான்.

“நீ மெதுவா அடிப்ப. விடு, நானே அடிச்சிடுறேன்.”

ஒரு சனிக்கிழமை, குரல்கள் விட்டுவிட்டு ஒலித்தன. புதிய பைத்தான் போட்டால் சரியாகும் என்று இணையத்தில் ஒரு வீடியோ சொன்னது. மிருணாளினி போட்டாள். புதிய பைத்தான் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக அமைப்புக் கோப்பு ஒன்றில் ஒரு வரி எழுதச் சொன்னார் வீடியோக்காரர். அவர் பேசி முடிக்கும் முன்பே, “புரிஞ்சிடுச்சு” என்று அவள் வீடியோவை நிறுத்திவிட்டு வரியை எழுதினாள். விளையாட்டை ஓட்டிப் பார்த்தாள். குரல்கள் தெளிவாக ஒலித்தன.

“பார்த்தியா?” என்றாள். கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வர நேரமாகிவிட்டது. அனோஜன் கணினியைத் திறந்து, கட்டளைகளை எழுதும் கறுப்புச் சாளரத்தையும் திறந்து வைத்திருந்தான். அவள் வந்ததும் விளையாட்டைத் தொடங்கும் கட்டளையை அடித்தாள்.

அப்படி ஒரு கட்டளையே கிடைக்கவில்லை என்றது கணினி. கோப்புகளைப் பட்டியலிடும் சின்னக் கட்டளையை அடித்தாள். அதுவும் கிடைக்கவில்லை. எதை அடித்தாலும் கிடைக்கவில்லை.

மிருணாளினி நிமிர்ந்தாள்.

“என்ன பண்ணுன?”

“ஒண்டும் செய்யேல்லை. திறந்தனான், அவ்வளவுதான்.”

“போன வாரம் நல்லா ஓடுச்சு. நானே ஓட்டிப் பார்த்தேன். இன்னைக்கு முதல்ல தொட்டது நீதான்!”

அவள் குரல் கொஞ்சம் பெரியது. மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் கோபாலகிருஷ்ணன் அங்கிள்.

அவர் பள்ளியின் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர். அவருடைய மின்னஞ்சல் இரண்டு வரி என்றால், அதன் கீழே அவருடைய பதவிகள் ஒன்பது வரி இருக்கும். சனிக்கிழமையிலும் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருவார். கணினியைப் பற்றி அவர் பேசாத நாள் கிடையாது. கணினியைத் தொட்ட நாளைத்தான் யாரும் பார்த்ததில்லை.

“இருபத்திரண்டு வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன். பார்த்தவுடனே சொல்லிடுவேன்” என்று அவர் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அங்கிள், இதில ‘பாத்’ எண்டு என்னவோ எழுதியிருக்கு” என்றான் அனோஜன். “அதில ஏதோ இல்லையாம், அதாலதான் கட்டளை கிடைக்கேல்லையாம்...”

“தம்பி, அதெல்லாம் எரர் மெசேஜ். அதை வாசிச்சு நேரத்தை வேஸ்ட் பண்ணக்கூடாது” என்றார் அங்கிள். “ஃபார்மட் பண்ணணும். எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து போடணும். அதுதான் ப்ராசஸ்.”

அவர்களின் வகுப்பாசிரியை கமலினி ரீச்சர் ஓடி வந்தார். விழாவுக்கு இரண்டே வாரம்தான் இருந்தது. அவர் கையில் பதினேழு வேலைகள் இருந்தன.

“அனோஜன், நீர் இப்ப இதை விட்டிட்டுக் கதிரை அடுக்கிற குழுவுக்குப் போம் அப்பு” என்றார்.

அனோஜன் மிருணாளினியைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்தாள். அவன் எழுந்து நாற்காலிகளின் பக்கம் போய்விட்டான்.

அங்கிள் மடிக்கணினியையும் ஒரு பென் டிரைவையும் மிருணாளினியிடம் கொடுத்தார். “ஃபார்மட் பண்ற வேலையை நீ வீட்டுல செஞ்சிடு. நான் ஸ்ட்ராட்டஜி லெவல்ல பார்த்துக்கிறேன்.”

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்ததும், மிருணாளினி சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்தாள். அழிக்கும் முன் எண்பத்து நாலு குரல்களையும் பென் டிரைவில் எடுத்து வைத்தாள். பிறகு, அழிக்கத்தானே போகிறோம் என்று கறுப்புச் சாளரத்தைத் திறந்து, சும்மா ஒரு கட்டளையை அடித்தாள்.

வழக்கமான பதில் வந்தது. இந்த முறை அவசரம் எதுவும் இல்லை. அதனால் அதை வாசித்தாள்.

அனோஜன் சொன்னது சரி. அந்தச் செய்தி திட்டவில்லை. விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

கட்டளை ஒன்றை அடித்தால், கணினி அதற்குரிய நிரலைத் தேடிப் போகும். எந்தெந்த இடத்தில் தேடுவது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பட்டியலுக்குத்தான் ‘பாத்’ என்று பெயர். வழக்கமான இடங்கள் எதுவும் இப்போது பட்டியலில் இல்லை என்றது கணினி.

‘அனோஜன் எதையோ அழிச்சிட்டான்’ என்று நினைத்துக்கொண்டே அவள் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். கடைசி வரிக்கு வந்தாள்.

அந்த வரியில் ஒரே ஒரு முகவரி இருந்தது. புதிய பைத்தானின் முகவரி. அதற்கு மேல் ஒரு குறிப்பும் இருந்தது: ‘இது மிருணாளினி எழுதியது. வேறு யாரும் கை வைக்க வேண்டாம்.’

வேறு யாரும் கை வைக்கவில்லை.

நிறுத்திய இடத்திலிருந்து வீடியோவை ஓட்டினாள். “புதிய முகவரிக்குப் பிறகு பழைய பட்டியலையும் சேர்க்க மறக்காதீர்கள்” என்றார் வீடியோக்காரர். “சேர்க்காவிட்டால் பழையதெல்லாம் போய்விடும். உடனே தெரியாது. அடுத்த முறை சாளரத்தைத் திறக்கும்போதுதான் தெரியும்.”

அடுத்த முறை திறந்தவன் அனோஜன்.

இந்த முறை மிருணாளினி வீடியோவை முடியும் வரை பார்த்தாள். பழைய பட்டியலைச் சேர்த்தாள். சாளரத்தை மூடித் திறந்தாள். எல்லாக் கட்டளைகளும் ஓடின. குறிப்பையும் அழித்தாள். அதை மட்டும் மிக வேகமாக அழித்தாள்.

“அங்கிள், அழிக்காமலே சரியாயிடுச்சு” என்று அம்மாவின் கைபேசியிலிருந்து செய்தி அனுப்பினாள். எப்படிக் கெட்டது என்று எழுதவில்லை. அவர் கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தாள்.

அவர் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டார்: ‘என் வழிகாட்டலில் நமது இளம் பொறியாளர் மிருணாளினி பெரும் தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்த்தார்!’ கூடவே அவருடைய படம். அவளுடைய படம் இல்லை.

நாற்பத்து மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். சிலர் பூங்கொத்தும் போட்டார்கள்.

“அடி என் எஞ்சினியரே!” என்றார் அம்மா சங்கரி. மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் பெரியம்மாவுக்கும் அதை அனுப்பிவிட்டார்.

மிருணாளினி அன்று தோசையில் பாதியை வைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமையும் வைத்தாள். புதன்கிழமை அம்மா தட்டை எடுக்காமல் எதிரே உட்கார்ந்தார்.

“என்னடி ஆச்சு?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு கார்ச் சாவியை எடுத்தார்.

“அனோஜன் வீடு எங்கன்னு தெரியும். நான் கார்லயே இருக்கேன். நீதான் போய்ப் பேசணும்.”

அனோஜன் வீட்டு வாசலில், கராஜ் கதவில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

“லேப்டாப் சரியாயிடுச்சு” என்றாள்.

“தெரியும். அம்மா வாசிச்சுக் காட்டினவ. இளம் பொறியாளர்.”

பந்து கதவில் மோதித் திரும்பியது.

“அதைக் கெடுத்ததே நான்தான், அனோஜன்.”

இந்த முறை திரும்பி வந்த பந்தை அவன் காலால் நிறுத்தினான். அவள் வரியைப் பற்றிச் சொன்னாள். வீடியோவைப் பற்றிச் சொன்னாள். அழித்த குறிப்பைப் பற்றியும் சொன்னாள்.

“அப்ப நான் திறக்கேக்கையே அது பழுதா?”

“ஆமா.”

“உண்மையாவோ?”

“உண்மையா.”

அனோஜன் கராஜ் கதவில் சாய்ந்தான்.

“நான் எத்தினை நாள் யோசிச்சனான் தெரியுமே? எந்த பட்டனைப் பிழையா அமத்தினனான் எண்டு. நீ அவ்வளவு வடிவாச் சொன்னனீ, நானே நம்பிப் போட்டன். வீட்டில அப்பான்ர கம்ப்யூட்டரைக் கூட நான் தொடேல்லை. அதுவும் பழுதாப் போயிடும் எண்டு பயம்.”

கோபித்திருந்தால் மிருணாளினி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

“ஸாரி” என்றாள். அந்தச் சொல் மிகவும் சின்னதாக இருந்தது.

“எனக்கு மட்டும் சொல்லி என்ன? அண்டைக்கு எல்லாருக்கும் கேக்கத்தானே கத்தினனீ.”

“சனிக்கிழமை எல்லாருக்கும் சொல்றேன். நீ திரும்ப வருவியா?”

“தெரியேல்லை” என்று அவன் பந்தை மறுபடி உதைத்தான்.

சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் கோபாலகிருஷ்ணன் அங்கிள் திரையில் படம் போட்டுப் பேசினார். ‘தேன்சிட்டின் தொழில்நுட்பப் பயணம்’ என்பது தலைப்பு. நாலாவது படத்தில், “நம் இளம் பொறியாளர்...” என்று அவர் கை நீட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மிருணாளினி எழுந்தாள்.

“லேப்டாப்பைக் கெடுத்தது நான்தான். அனோஜன் இல்ல. நான் ஒரு வரியைத் தப்பா எழுதிட்டேன். அவன் மேல பழி போட்டேன். அப்புறம் கண்டுபிடிச்சும் உடனே சொல்லல.”

அங்கிள் சிரித்துச் சமாளித்தார்.

“பரவாயில்லைம்மா. டீடெயில்ஸ் எல்லாம் இங்க வேண்டாம்.”

“டீடெயில் இல்ல, அங்கிள். இதுதான் நடந்தது. அன்னைக்கே அனோஜன் அந்த மெசேஜை வாசிச்சான். அதுலதான் பதில் இருந்துச்சு. நாம யாரும் கேக்கல.”

“அப்ப அந்த அங்கிள் என்ன செஞ்சவர்?” என்று முன்வரிசையில் ஒரு சின்னக் குரல் கேட்டது. ஆமை பார்த்த கதை சொன்ன பிள்ளைகளில் ஒன்றுதான். பெரியவர்கள் பலருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. அங்கிள் ஐந்தாவது படத்துக்குப் போய்விட்டார்.

கமலினி ரீச்சர் கதிரைகள் அடுக்கியிருந்த பக்கம் நடந்தார். “அப்பு, நானும் உம்மட்ட ஒரு சொல்லுக் கேக்காமல் அனுப்பிப் போட்டன். என்ர பிழை” என்று அனோஜனிடம் சொன்னார்.

அனோஜன் தலையை மட்டும் ஆட்டினான்.

கூட்டம் முடிந்தது. மிருணாளினி மூலையில் கணினி முன் உட்கார்ந்தாள். பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. விளையாட்டில் இன்னும் இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. அவள் எதையும் தொடவில்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது.

“தள்ளு” என்றது ஒரு குரல்.

அவள் நிமிர்ந்தாள். அனோஜன் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

“எனக்கு உன் மேல கோபம் இன்னும் போகேல்லை” என்றான். “ஆனா அந்தச் சின்னனுகளின்ர குரல் என்ர வேலை. இண்டைக்கு நான்தான் அடிப்பன்.”

மிருணாளினி கணினிக்கு முன்னாலிருந்து எழுந்து பக்கத்துக் கதிரைக்கு மாறினாள். அனோஜன் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கத் தொடங்கினான்.

மூன்றாவது எழுத்துப் பிழை. அவளுக்கு உடனே தெரிந்தது. வாயைத் திறந்தாள், மூடினாள். விரல்கள் தாமாகவே விசைப்பலகை பக்கம் நகர்ந்தன. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்சம் கழித்து அனோஜன் நிறுத்தினான். திரையைப் பார்த்தான். பிழையைத் தானே கண்டுபிடித்து அழித்தான். மறுபடி முதலிலிருந்து, இன்னும் மெதுவாக அடித்தான்.

இரண்டு கைகளும் மரத்துப்போயின. மிருணாளினி அவற்றை வெளியே எடுக்கவே இல்லை.