மெய்கேட்பி

"வயித்துக்குள்ள ரயில் ஓடுது சிஸ்டர். இன்னிக்கு எக்ஸ்பிரஸ்."

மாசிலாமணி இப்படிச் சொன்னதும் செவிலியர் ஜெசிந்தா மெய்கேட்பியை எடுத்து அவர் வயிற்றில் ஒட்டினாள். வெற்றிலை அளவே உள்ள மெல்லிய தகடு அது. நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் கேட்டு, வலி எங்கே, எதனால் என்று சொல்லிவிடும். நோயாளியின் பழைய கோப்பை அதற்குக் காட்டவே கூடாது என்பது சட்டம். பூட்டிய மனநலக் காப்பகத்தில் இருப்பவர் என்று தெரிந்தால் எந்த மருத்துவரும் ரயிலுக்கு மாத்திரை கொடுப்பார். வயிற்றைத் தொட்டுப் பார்க்க மாட்டார். மாசிலாமணிக்கும் பதினோரு வருடம் அப்படித்தான் நடந்தது.

"பித்தப்பையில் மூன்று கற்கள்" என்றது தகடு.

மெய்கேட்பி சொன்னால் வெளி மருத்துவமனை மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்காம் நாள் மாசிலாமணி கல் நீங்கித் திரும்பி வந்து, இரண்டு தட்டு இட்லி கேட்டார்.

அந்த வாரம்தான் ஜெசிந்தாவுக்கு இடது தோளும் தாடையும் வலிக்க ஆரம்பித்தன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஊருக்குள் ஒரு மருத்துவரிடம் போனாள். அவர் திரையில் அவள் கோப்பைப் படித்தாரே தவிர, அவளைப் பார்க்கவில்லை.

"அம்பது வயசு, மனநலக் காப்பகத்துல வேலை. டென்ஷன்மா. லீவு போட்டுட்டு எங்கயாவது போயிட்டு வாங்க."

அவள் திரும்பி வந்து மெய்கேட்பியைத் தன் மார்பில் ஒட்டிப் பார்த்தாள். தகடு வாயே திறக்கவில்லை. காப்பகப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அது வேலை செய்யும். வெளியில் இருப்பவர்கள் தங்கள் வலியைத் தாங்களே சொல்லிக்கொள்வார்கள் என்று அரசாங்கம் நினைத்திருந்தது.

"அப்ப உள்ள சேர்ந்துருங்க சிஸ்டர்" என்றார் மாசிலாமணி. "என் பக்கத்துக் கட்டில் காலியாத்தான் கிடக்கு."

தலைமை மருத்துவர் செங்குட்டுவன் சேர்க்கைப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன தொந்தரவுன்னு எழுத?"

"நான் சொல்றத யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க, சார்."

அவர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். அதையே எழுதி, முத்திரை குத்தினார்.

தகடு உடனே பேசியது: "இதயக் குழாயில் அடைப்பு. தாமதிக்க வேண்டாம்."

ஒரு மணி நேரத்தில் அவள் அறுவை மேசையில் இருந்தாள். மறுநாள் கண் விழித்தபோது தோளில் வலி இல்லை. நிம்மதியில் அழுகை வந்தது, பிறகு பசி வந்தது.

மூன்று வாரம் கழித்து அவள் காப்பகம் திரும்பியபோது வாசலில் நூறு பேர் வரிசையில் நின்றார்கள். சிலர் சாப்பாட்டுப் பாத்திரமும் தலையணையுமாகவே வந்திருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் தப்பிக்காமல் காவல் காத்த ராயப்பன், இப்போது சுவரேறி உள்ளே குதிக்கப் பார்ப்பவர்களை வெளியே இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

செங்குட்டுவன் அவள் விடுவிப்புப் படிவத்தை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க. நீங்க பூரண குணம்."

"ஒரு மாசம் கழிச்சுப் போடட்டுமா சார்? முழங்காலும் ஒரு மாதிரி இருக்கு."

"தயவுசெஞ்சு இன்னிக்கே போடுங்கம்மா" என்று கெஞ்சினார் அவர். முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, மேசை இழுப்பறையிலிருந்து தன் பெயர் எழுதிய சேர்க்கைப் படிவத்தை எடுத்தார். "இதுக்குச் சாட்சிக் கையெழுத்து வேணும். இங்க சேர்ந்திருக்கிறவங்க சாட்சி போட்டா செல்லாதாம்."