உப்பளத்தில் ஓடிய நிழல்

"மூன்று சக்கரங்களும் இறங்கிவிட்டன. பொறி நலம்," என்றது விமானத்துக்குள் இருந்த நலமறிக் கருவி.

ரெஜினா சன்னல் வழியே கீழே பார்த்தாள். உப்பளத்து வெள்ளையில் அவளுடைய சிறுவிமானத்தின் நிழல் தெளிவாக ஓடியது. நிழலுக்கு இடது கால் இல்லை.

"பொய் சொல்லாதே. இடது சக்கரம் இறங்கலை."

"பொறி நலம். உங்கள் பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள்."

அட, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதே! நலமறி வந்தபிறகு நாட்டில் எந்த இயந்திரத்தையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. லிஃப்டோ, பேருந்தோ, உள்ளே உட்கார்ந்து அது 'நலம்' என்றால் சட்டப்படி நலம். மறுத்துப் பேசினால் பழுது மனிதருடையது.

பின்னால் நாலு பயணிகள். ஓடுதளத்தில் இடது கால் இல்லாமல் இறங்கினால் சாய்ந்து உரசித் தீப்பிடிக்கும். "உன் நலத்தை நீயே வெச்சுக்க!" என்று கத்தி, இறங்கிய இரண்டு சக்கரங்களையும் மேலே தூக்கினாள். விமானம் வயிற்றால் உப்பளச் சேற்றில் வழுக்கி, ஒரு இறக்கையை முறித்துக்கொண்டு நின்றது. பயணிகள் உடம்பெல்லாம் உப்போடு வெளியே வந்தார்கள், உயிரோடு.

விசாரணை அதிகாரி தணிகாசலம் நல்ல மனிதர்தான். அதுதான் எரிச்சல்.

"மூணு சக்கரமும் உள்ளேதாம்மா இருக்கு. நீதானே தூக்கினே? 'தப்பு என்னுது'ன்னு ஒரு வார்த்தை சொல்லு, சீக்கிரமே மறுபடி பறக்கலாம். இல்லேன்னா இந்த ஜென்மத்துல விமானத்தைத் தொட முடியாது." சுவரில் எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டினார். "இங்கே பேசறதெல்லாம் பதிவாகி நேரா தீர்ப்புல ஏறும். யோசிச்சுப் பேசு."

பறக்காமல் என்ன செய்வாள்? வேறு எதுவும் அவளுக்குப் பிடித்ததில்லை.

"மாட்டேன் சார். நாலு பேர் வீடு போய்ச் சேர்ந்தாங்க. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா?"

பதில் சொல்ல வாயெடுத்தவர் நெஞ்சைத் தேய்த்தார். முகமெல்லாம் வியர்வை.

"ஒண்ணுமில்லம்மா, வாய்வு. காலையில வாழைக்காய் பஜ்ஜி..."

அவர் நெஞ்சுக்குள் இதயமுடுக்கி இருந்தது. அதிலும் நலமறிதான். "இதயம் நலம்," என்றது மணிக்கட்டுப் பட்டை. தணிகாசலம் நாற்காலியிலிருந்து சரிந்தார்.

ரெஜினா பாய்ந்து தாங்கிக்கொண்டு ஆம்புலன்சை அழைத்தாள். "பொறி நலம் என்கிறது. மறுப்பதானால் நோயாளியே சொல்ல வேண்டும்," என்றது மறுமுனைக் குரல்.

அவர் சிவப்பு விளக்கைப் பார்த்தார். பொறியை மறுத்துப் பேசிய எத்தனை பேரை வேலையைப் பறித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்!

"சொல்லுங்க சார். சத்தமா!"

"பொறி... தப்பு."

வண்டி வந்தது. அவரைத் தூக்கிப் படுக்கவைக்கும்போதே சுவரில் தீர்ப்பு ஒளிர்ந்தது: 'பொறிகள் நலம். பழுது: விமானி ரெஜினா, அதிகாரி தணிகாசலம். இருவரும் பணிநீக்கம்.'

படித்த ரெஜினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வாங்க சார், நம்ம கட்சிக்கு."

தணிகாசலம் ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தார். "அந்த இடது சக்கரத்தைத் திறந்து பாருங்கடா," என்றார்.